பெண் கொடுத்த ஊர்

பெண் கொடுக்கப் போகும் ஊரை ஒருமுறையாவது நடந்து பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்துப் பெரியவர்களின் வழக்கம். மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். ஊரைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். தாங்களே போய்த் தெருத்தெருவாக நடப்பார்கள். என்னைக் கிள்ளானில் கொடுப்பதற்கு முன் அப்பா பேருந்து ஏறி வந்து அரை நாள் நடந்திருக்கிறார். கோயில் எவ்வளவு தூரம், கிளினிக் எவ்வளவு தூரம், இருட்டிய பிறகு பெண்கள் தெருவில் நடமாடுகிறார்களா, முன்பின் தெரியாதவனை அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்க்கிறார்கள் என்றெல்லாம் கவனித்துவிட்டு, ஒரு தேநீரும் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ‘ஊர் பரவாயில்லை’ என்று அம்மாவிடம் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றினார்கள்.

என் மகள் விஷயத்தில் அதற்கெல்லாம் இடமே இருக்கவில்லை. மாப்பிள்ளையை அவளே தேர்ந்தெடுத்தாள். அவர் ஸ்லோவாக்கியர். திருமணம் கிள்ளானில் நம் முறைப்படி நடந்தது. ஒரே மாதத்தில் இருவரும் விமானம் ஏறிவிட்டார்கள். நான்கு ஆண்டுகளாக அவள் வாழும் ஊர் என்பது எனக்குக் கைப்பேசித் திரையில் அவள் முதுகுக்குப் பின்னால் தெரிந்த ஒரு சன்னலும் ஒரு வெள்ளைச் சுவரும்தான். கடந்த ஆகஸ்டில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேறு பார்க்கக் கிளம்பினேன். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் விசா இல்லாமல் அங்கே 90 நாள் இருக்கலாம். பெருங்காயமும் சுக்கும் ஓமமும் பெட்டியில் அடுக்கும்போதே எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அப்பா அரை நாளில் செய்த வேலையை நான் இந்த 90 நாளில் செய்துவிட வேண்டும்.

ஊரின் பெயர் கோஷிட்சே. ஸ்லோவாக்கியாவின் இரண்டாவது பெரிய நகரம். தலைநகர் பிராத்திஸ்லாவாவிலிருந்து 400 கிலோமீட்டர் கிழக்கே, ஹங்கேரி எல்லையை ஒட்டி, ஹோர்னாட் ஆற்றங்கரையில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம். நாம் புடாபெஸ்டில் இறங்கி, காரில் சுமார் மூன்று மணி நேரம் போக வேண்டும்.

மகள் வீடு பழைய நகரத்துக்கு மேற்கே மேட்டில் இருக்கும் தெராசா என்ற குடியிருப்பில் இருக்கிறது. 1960-களில் ஊருக்குத் தெற்கே மாபெரும் எஃகு ஆலை எழும்பியபோது, தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட பகுதி. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டு வந்து, சீட்டுக்கட்டு வீடு போல அடுக்கிக் கட்டிய மாடிகள். ‘பனெலாக்’ என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. ஆனால் கட்டடங்களுக்கு நடுவே மரங்கள், பிள்ளைகள் விளையாடும் திடல், பெஞ்சுகள். பள்ளி, மருத்துவர், மருந்துக்கடை, மளிகை எல்லாமே நடந்து போகும் தூரம். அப்பாவின் பட்டியலில் பாதியை வாசலிலேயே டிக் அடித்துவிட்டேன்.

மீதிப் பாதியைப் பார்க்க வெளியே போக வேண்டும். மகளோ வெளியே போவதே இல்லை. கணினி நிரல் எழுதும் வேலை, வீட்டிலிருந்தே செய்வாள். அரிசியிலிருந்து குழந்தையின் அணையாடை வரை எல்லாம் இணையத்தில் வாங்கிவிடுவாள். “எதுக்குமா வெளிய அலையணும்? எல்லாம் வாசலுக்கே வருது” என்றாள். பிரசவித்த உடம்பு, நானும் வற்புறுத்தவில்லை.

பச்சை உடம்புக்காரியை நாற்பது நாள் வெளியே விடக்கூடாது என்பது நம் கணக்கு. அங்கேயும் அதற்கு ஒரு சொல் இருக்கிறது: ‘ஷெஸ்டோநெடெலியே’. ஆறு வாரம் என்று பொருள். நாற்பதும் நாற்பத்திரண்டும், இரண்டு நாள்தான் வித்தியாசம். தாய்க்குத்தான் அந்த ஓய்வு. குழந்தையைப் பற்றி அவர்கள் எண்ணம் வேறு. தினமும் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கொண்டுபோக வேண்டும், வெளிக்காற்றில் தூங்கும் பிள்ளைதான் திடமாக வளரும் என்பார்கள். மாப்பிள்ளைக்கு வேலை. ஆக, தள்ளுவண்டி என் கைக்கு வந்தது.

முதல் நாள் கிளம்பும்போது பேத்தியின் கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தேன். அன்று கிராமத்திலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். எனக்கு ஸ்லோவாக் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்துத் தள்ளுவண்டியின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுக் கட்டினார். கண்ணேறு படாமல் இருக்க அவர்கள் ஊரில் பிள்ளை வண்டியில் சிவப்புத் துணி கட்டுவார்களாம். கறுப்புப் பொட்டும் சிவப்பு ரிப்பனுமாக என் பேத்தி முதன்முதலாக ஊர் பார்க்கப் புறப்பட்டாள்.

கிள்ளானில் நான் நடந்தே பல ஆண்டுகள் ஆகின்றன. கோயிலுக்கும் கார், பக்கத்துத் தெருவில் பால் வாங்கவும் கார். இங்கே முதல் சாலையைக் கடக்கும் இடத்தில், வண்டிகள் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். வந்த கார் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வந்ததும் நின்றது. ஓட்டுநர் பொறுமையாகக் காத்திருந்தார். நான் தலையாட்டி நன்றி சொல்லிக்கொண்டே கடந்தேன். மூன்றாம் வாரத்தில்தான் தலையாட்டாமல் கடக்கப் பழகினேன்.

மகள் எனக்கு இரண்டே சொற்கள் சொல்லிக்கொடுத்திருந்தாள். ‘டோப்ரீ ஜென்’ என்றால் வணக்கம். ‘ஜாக்குயெம்’ என்றால் நன்றி. மின்தூக்கிக்குள் நுழைந்தாலும், சிறு கடைக்குள் போனாலும், மருத்துவரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தாலும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மரியாதை தெரியாதவர். முப்பது ஆண்டு தமிழ்ப்பள்ளியில் ‘வணக்கம் ஆசிரியை’ கேட்டுப் பழகியவள் நான். அந்தச் சட்டம் எனக்கு உடனே பிடித்துவிட்டது.

அந்த இரண்டு சொற்களை விடத் தள்ளுவண்டி அதிகம் பேசியது. குழந்தையோடு நடக்கும் கிழவியை ஊரே அதிகாரம் செய்யும் என்பதை அங்கேதான் கண்டேன். எதிரே வரும் மூதாட்டிகள் நிறுத்தி, வண்டிக்குள் எட்டிப் பார்த்து, தங்கள் தலையைத் தொட்டுக்காட்டி ஏதோ கடிந்துகொள்வார்கள். அதில் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வரும்: ‘சாப்கா’. குல்லாய். செப்டம்பர் வெயிலில்கூடப் பிள்ளைக்குக் குல்லாய் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பொறுக்காது. முகம் தெரியாத பிள்ளைக்காக உரிமையோடு திட்டும் பெண்கள் உள்ள ஊர் என்று என் கணக்கில் குறித்துக்கொண்டேன்.

தெராசாவிலிருந்து பழைய நகரத்துக்கு இறக்கம். போகும்போது நடை, திரும்பும்போது டிராம். முதல் வாரத்திலேயே அதுதான் வழக்கமாகிவிட்டது. பழைய நகரத்தின் முதுகெலும்பு ஹ்லாவ்னா என்ற பெருந்தெரு. கார் கிடையாது. 1990-களில் இதைப் புதுப்பித்தபோது முழுக்க நடப்பவர்களுக்கே விட்டுவிட்டார்கள். பழைய டிராம் தண்டவாளங்கள் சிலவற்றை மட்டும் நினைவுக்காக விட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தத் தெரு வழியாக ஓடை ஓடியதாம். அதன் அடையாளமாக இப்போது ஓரத்தில் சிறு வாய்க்கால் ஒன்று சலசலக்கிறது. பிள்ளைகள் அதில் காகிதத்தையும் இலையையும் விட்டுக் கூடவே ஓடுகின்றன.

தெருவின் நடுவே புனித எலிசபெத் பேராலயம். ஸ்லோவாக்கியாவிலேயே பெரிய தேவாலயம். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வேலை 1508-இல்தான் முடிந்தது. நூறு ஆண்டுக்கும் மேல் நீண்ட கட்டுமானம் என்றால், அடித்தளம் போட்டவனின் பேரப்பிள்ளைகள்கூட அதைப் பார்த்து முடித்திருக்க மாட்டார்கள். கூரையில் வண்ண ஓடுகள் பாய் பின்னியதுபோல் பளபளக்கின்றன. எலிசபெத் ஹங்கேரிய மன்னரின் மகள். 1207-இல் பிறந்து 24 வயதிலேயே இறந்தவர். அரண்மனையிலிருந்து ஏழைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும்போது பிடிபட, போர்வையை விலக்கிக் காட்டியபோது ரொட்டியெல்லாம் ரோஜாவாக மாறியிருந்ததாம். சிறு வயதிலேயே வெளியூரில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் அவரும். அதனால்தானோ என்னவோ, எனக்கு அந்தக் கோயிலில் உட்காரப் பிடித்தது.

அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவின் முனையில் யாகாப் மாளிகை என்று ஒரு சிறு அரண்மனை இருக்கிறது. பேராலயத்தைப் புதுப்பித்தபோது வேண்டாம் என்று ஒதுக்கிய கற்களை வாங்கி, யாகாப் என்ற கட்டட நிபுணர் 1899-இல் தனக்குக் கட்டிக்கொண்ட வீடாம். கோயிலுக்கு ஆகாத கல் வீட்டுக்கு ஆயிற்று. 1945-இல் போர் முடியும் தறுவாயில் செக்கோஸ்லோவாக்கியாவின் அதிபர் பெனெஷ் தங்கியதும் அந்த வீட்டில்தான்.

எனக்கு மிகவும் பிடித்துப்போன இடம் டொமினிக்கன் சதுக்கத்துச் சந்தை. நம் ஊர்ப் பாசார் போல்தான், சத்தம் மட்டும் குறைவு. கிராமத்துப் பெண்கள் தங்கள் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து மேசையில் பரப்புகிறார்கள். பூசணி, முட்டைக்கோஸ், தேன், பின்னல் போட்டுத் தொங்கவிட்ட பூண்டு. பத்தியச் சமையலுக்குப் பூண்டு இல்லாமல் முடியுமா? ஒரே பாட்டியிடம் தொடர்ந்து வாங்கினேன். நான்காவது முறை அவர் என்னைப் பார்த்ததும் விரலால் இரண்டு காட்டினார். வழக்கமாக வாங்கும் இரண்டு பின்னல். ‘ஆமாம்’ என்று தலையாட்டினேன். சாக்கில் கசகசாவும் வைத்திருந்தார். நாம் குருமாவில் ஒரு கரண்டி போடுவதை அவர்கள் பலகாரத்தில் பூரணமாகவே அடைக்கிறார்கள்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் நடந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். புதிதாக ஒரு பள்ளிக்கு மாற்றலாகிப் போனால், முதல் மாதம் எல்லா வகுப்பு வாசலையும் தினமும் ஒருமுறை கடப்பேன். பிள்ளைகளை நான் பார்ப்பதற்காக மட்டும் அல்ல, அவர்கள் என்னைப் பார்த்துப் பழகுவதற்காகவும். ஊரும் அப்படித்தான். முகம் பழக நாள் ஆகும். பழகும் வரை தெருவில் தென்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அக்டோபர் முதல் ஞாயிறன்று நான் வழக்கம்போல் இறங்கிப் போனபோது ஹ்லாவ்னா முழுக்கக் கூட்டம். அமைதி மாரத்தான். 1924-இல் தொடங்கியது, ஐரோப்பாவிலேயே பழைமையான மாரத்தான் இதுதான் என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்ற எத்தியோப்பியர் அபெபே பிகிலா, மறு ஆண்டு 1961-இல் இங்கே வந்து ஓடி வென்றிருக்கிறார். முதலில் வந்தவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டார்கள். மூன்று, நான்கு மணி நேரம் கழித்துக் கால் இழுத்துக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் பெரிய கைதட்டல். நெஞ்சில் ஒட்டிய எண்ணுக்குக் கீழே பெயர் இருக்கும். அதைப் படித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் பக்கத்தில் நின்ற பெண் மணியை என் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். பேத்தி அசராமல் தூங்கினாள்.

இந்த ஊருக்குப் பல பெயர்கள். ஸ்லோவாக்கில் கோஷிட்சே, ஹங்கேரிய மொழியில் கஷ்ஷா, ஜெர்மனில் கஷாவ். 1230-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பெயர் வருகிறது. 1369-இல் மன்னர் சாசனம் வழங்கித் தனிச் சின்னம் பெற்ற ஊர். ஐரோப்பாவில் அப்படிப் பெற்ற முதல் நகரம் என்பார்கள். 1918 வரை ஹங்கேரிய அரசு, பிறகு செக்கோஸ்லோவாக்கியா, 1938-இல் மீண்டும் ஹங்கேரி, 1945-இல் மீண்டும் செக்கோஸ்லோவாக்கியா, 1993-லிருந்து ஸ்லோவாக்கியா. சம்பந்தியம்மாவின் பாட்டி 1910-இல் பிறந்து 1995-இல் இறந்தவர். ஒரே வீட்டில் இருந்தபடியே நான்கு முறை அரசு மாறிவிட்டது அவருக்கு. ‘பாட்டி எங்கேயும் போகவில்லை, நாடுதான் வந்து வந்து போனது’ என்று மாப்பிள்ளை சொன்னார்.

ஹங்கேரிய எழுத்தாளர் ஷாந்தோர் மாராய் 1900-இல் பிறந்தது இந்த ஊரில். 1948-இல் ஹங்கேரியை விட்டு வெளியேறியவர் திரும்பவே இல்லை. 1989-இல் அமெரிக்காவில் இறந்தார். பழைய நகரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. யாரும் உட்காரலாம். நான் பலமுறை உட்கார்ந்து பேத்திக்குப் பால் புட்டி கொடுத்திருக்கிறேன்.

நடந்து பார்க்கிற ஊரில் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. பழைய நகரத்தின் ஓரத்தில் பெரிய குவிமாடத்தோடு ஒரு கட்டடம் இருக்கிறது. இப்போது இசையரங்கு. குவிமாடத்தின் உச்சியில் யாழ் போன்ற இசைக்கருவிச் சின்னம். ஒரு காலத்தில் அந்த இடத்தில் தாவீதின் நட்சத்திரம் இருந்தது. அது யூதர்களின் தொழுகைக்கூடம். 1944-இல் இந்த ஊரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் 12,000-க்கும் மேற்பட்ட யூதர்களைச் செங்கல் சூளையில் அடைத்து வைத்து, ரயிலேற்றி, ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். திரும்பியவர்கள் கொஞ்சம் பேர். தொழ ஆளில்லாத கூடத்தில்தான் இப்போது வயலின் வாசிக்கிறார்கள். புஷ்கினோவா தெருவில் இன்னொரு தொழுகைக்கூடத்தின் சுவரில் நினைவுப் பலகை இருக்கிறது. முந்தின தலைமுறை வரை இந்தத் தெருக்களில் ‘டோப்ரீ ஜென்’ சொல்லிக்கொண்டு நடந்தவர்கள்தான் அவர்களும். அன்று நான் சீக்கிரமே டிராம் ஏறிவிட்டேன்.

அக்டோபர் நடுவில் ஒரு பேரங்காடிக்குப் போனேன். பிள்ளைத் துடைப்பான் வாங்க வேண்டும். உள்ளே நுழைந்ததிலிருந்து காவலாளி ஒருவர் என் பின்னாலேயே வந்தார். நான் நின்றால் நின்றார், திரும்பினால் திரும்பினார். தள்ளுவண்டியின் கீழ்ப்பையை இரண்டு முறை உற்றுப் பார்த்தார். பணம் செலுத்திவிட்டு வெளியே வந்து, ரசீதைக் கையில் இறுகப் பிடித்தபடி வீடு வரை நடந்தேன்.

மகளிடம் சொன்னேன். அவள் குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “உங்களை ரோமா ஆளுன்னு நெனச்சிருப்பாங்கம்மா” என்றாள். பிறகு, “எனக்கும் அப்படித்தான். வந்த புதுசுல நாலு தடவை. அதான் ஆன்லைன்லயே வாங்கிடறேன்” என்றாள். நான்கு ஆண்டாகத் திரையில் சிரித்த முகத்தோடு பேசியவள், இதை மட்டும் என்னிடம் சொன்னதில்லை. வாசலுக்கு எல்லாம் வருகிறது என்று அவள் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ரோமா மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மேற்கே புறப்பட்டவர்கள் என்று அவர்களின் மொழியை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கோஷிட்சேயில் அவர்கள் பெருமளவில் வாழும் குடியிருப்பு லுனிக் 9. தெராசாவின் பல பகுதிகளுக்கும் லுனிக் என்ற பெயர்தான், எண் மட்டும் வேறு; ஆனால் ஒன்பது என்றாலே ஊராரின் குரல் மாறிவிடுகிறது. 2021-இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் அங்கே போய் மக்களைச் சந்தித்தார். ரோமா மொழியில் நாடகம் போடும் ரோமாத்தான் என்ற அரங்கும் இந்த நகரத்தில் இருக்கிறது. மாப்பிள்ளையோடு பள்ளியில் ரோமா பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். சில சொற்கள் நினைவிருந்தன. தண்ணீருக்குப் ‘பானி’. பல்லுக்கு ‘தந்த்’. இரத்தத்துக்கு ‘ரத்’. மனிதனுக்கு ‘மனுஷ்’. கடைசிச் சொல்லை அவர் சொன்னபோது மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னை ரோமா என்று நினைத்தது எனக்கு அவமானம் இல்லை. ரோமா என்றால் பின்தொடரலாம் என்று ஒருவருக்குத் தோன்றுகிறதே, அதுதான் உறுத்தியது. என் பேத்தியின் நிறம் என் மகளின் நிறம். இந்த ஊரில் அவள் பள்ளிக்குப் போவாள், கடைக்குப் போவாள், டிராமில் ஏறுவாள். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அவர் காலத்தில் ஊர் பிடிக்காவிட்டால் வேறு ஊர் பார்க்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு அதே கடைக்குப் போனேன். வாசலில் நின்ற காவலாளியை நேராகப் பார்த்து ‘டோப்ரீ ஜென்’ என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, பின்னால் வந்தார். அடுத்த நாளும் போனேன். ஒரு பாக்கெட் உப்பு, ஒரு நாள் எலுமிச்சை. தினமும் வணக்கம். பத்து நாளில் அவர் பின்தொடர்வதை விட்டுவிட்டார். இரண்டு வாரத்தில் அவரே முதலில் தலையசைத்தார். ஒரு மழை நாளில் கதவைத் திறந்து பிடித்து, வண்டிச் சக்கரத்தை வாசற்படிக்கு மேல் தூக்கியும் விட்டார்.

அதே மழை நாளில் எனக்குப் பின்னால் ஒரு இளம் ரோமா தாய் வந்தார். இடுப்பில் பிள்ளை. காவலாளி என் வண்டியை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் பின்னால் நடந்தார். என் முகம் பழகிவிட்டது. அந்த முகம் இந்த ஊரில் நூற்றாண்டுக் கணக்காக இருந்தும் பழகவில்லை. வெளியே வந்த அந்தப் பெண்ணிடம் எனக்குச் சொல்லத் தெரிந்தது ‘டோப்ரீ ஜென்’ மட்டும்தான். அவர் சிரித்தார். என் பேத்தியின் கன்னத்துப் பொட்டைக் காட்டி ஏதோ கேட்டார். நான் ரிப்பனைக் காட்டினேன். புரிந்துகொண்டார்.

நவம்பர் முதல் தேதி அங்கே முன்னோர்களை நினைக்கும் நாள். ஒரு வாரத்துக்கு முன்பே சந்தையில் சாமந்தி வந்து குவிந்துவிட்டது. நமக்குச் சாமிக்குப் போடும் பூ. அவர்களுக்குக் கல்லறைக்கு வைக்கும் பூ. மாலையில் சம்பந்தி குடும்பத்தோடு பொதுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவர்த்திகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. நம் கார்த்திகைதான். ஐந்து அரசுகளைப் பார்த்த அந்தப் பாட்டியின் கல்லறையில் விளக்கேற்றச் சொல்லி என் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தார் சம்பந்தியம்மா. மகளும் வந்திருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான்.

மறுநாளிலிருந்து நான் ஒரு பொய்க்காரணம் கண்டுபிடித்தேன். “குளிர் கூடிப்போச்சு, எனக்கு மூச்சு வாங்குது, வண்டியைத் தள்ள முடியல. நீயும் வாம்மா” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே மேலங்கியை மாட்டினாள். ஆசிரியையின் பொய் மாணவிக்குத் தெரியாதா என்ன?

பிறகு நடந்ததெல்லாம் எனக்கே வேடிக்கை. நான்கு ஆண்டு வாழ்ந்தவளுக்கு இரண்டு மாதம் இருந்தவள் ஊர் காட்டினேன். எந்தத் தெருமுனையில் நடைபாதை விளிம்பு தாழ்வாக இருக்கிறது, எந்தப் பெஞ்சில் நவம்பர் வெயில் பதினோரு மணிக்கு விழுகிறது, எந்த டிராமில் படி இல்லாமல் வண்டியை ஏற்றலாம் என்று சொன்னேன். ஹர்ன்ச்சியார்ஸ்கா என்னும் குயவர் தெருவுக்குக் கூட்டிப்போனேன். கைவினைஞர்களின் பட்டறைகள் உள்ள குறுகலான பழைய சந்து அது. உருண்டைக் கல் பாவிய தரையில் வண்டி குலுங்கினால் பேத்தி உடனே தூங்கிவிடுவாள். பூண்டுப் பாட்டி என்னைப் பார்த்து இரண்டு விரல் காட்டிவிட்டு, மகளிடம் நீளமாக ஏதோ கேட்டார். மகள் தயங்கித் தயங்கி ஸ்லோவாக்கில் பதில் சொன்னாள். கடை மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவர்கள் பேசிக்கொண்டதை நான் ஒரு சொல்லும் புரியாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தப் பேரங்காடிக்கும் போனோம். வாசலில் காவலாளி. நான் வணக்கம் சொன்னேன். மகளும் சொன்னாள். அவர் இருவருக்கும் தலையசைத்தார். உள்ளே போனதும் அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. ஆனாலும் அவள் தோள் இறுக்கம் தளரவில்லை. அது ஒரு நாளில் தளரக்கூடியதும் இல்லை.

டிசம்பர் முதல் வாரம் என் 90 நாள் முடிந்தது. ஹ்லாவ்னாவில் கிறிஸ்துமஸ் சந்தைக்கு மரக்கடைகள் போட்டிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. கிளம்பும் முன் ஒரு தாளில் நடைவழியை வரைந்து குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன். வெயில் பெஞ்சுக்கு ஒரு வட்டம், பூண்டுக்கு ஒரு புள்ளி, படியில்லாத டிராம் நிறுத்தத்துக்கு ஒரு அம்பு. லுனிக் 9 எந்தத் திசை என்பதையும் குறித்தேன். ஊரில் பாதியை மறைத்துவிட்டு மீதியை மட்டும் பிள்ளைக்குக் காட்டக் கூடாது என்று மகளிடம் சொன்னேன். “அவ பெரியவளானா நானே கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

இப்போது வாரம் இரண்டு முறையாவது படம் அனுப்புகிறாள். சன்னலும் சுவரும் போய், பின்னணியில் தெருக்கள் வருகின்றன. பனியில் தள்ளுவண்டி, பனியில் வாய்க்கால், மாராயின் எதிர் நாற்காலியில் பேத்தி. போன வாரம் ஒரு குரல் பதிவு வந்தது. சந்தையில் எடுத்தது. பூண்டுப் பாட்டியின் குரல் ஏதோ கேட்கிறது; அதில் ‘பாப்கா’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. பாட்டி. மகள் பதில் சொல்கிறாள், இந்தத் தடவை தயங்காமல். பிறகு தமிழில் எனக்காகச் சொல்கிறாள்: “பாட்டி எங்க, அடுத்த வருஷம் எப்ப வர்றாங்கன்னு கேட்கிறாங்கம்மா. செப்டம்பர்ல வருவாங்கன்னு சொல்லிட்டேன்.”